நாலரைக்கு மேல் எடுத்த படங்கள்

நான்கு நாள் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தபோது சந்தேகம் உறுதியானது. நாலரைக்கு முன் சோதனைக்கு எடுத்த படங்களில் நட்சத்திரங்கள் புள்ளிகளாக இருந்தன. பின் எடுத்தவற்றில் எல்லாமே இரட்டை. வால்நட்சத்திரம் கிழக்கே எழுவதோ நாலரைக்கு மேல்தான். ஐந்து மணிக்கு வானம் வெளுத்துவிடும். இன்னும் இரண்டு காலைதான் தெரியும். அது திரும்பி வரும்வரை என் ஆயுள் போதாது.

மாடியில் கேமரா நிற்கும் ட்ரைபாடின் திருகுகளை முன்பே இறுக்கியிருந்தேன். நடுவில் செங்கல் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். காற்று இல்லை. மிஞ்சியது பக்கத்து வீட்டுக்காரர். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவர் மாடிப்படியில் நின்று என்னைக் கவனிப்பதை இருமுறை பார்த்திருக்கிறேன். கேமராவைத் தானே எடுக்கவிட்டு நான் காபி போடக் கீழே போகும் நேரத்தில் வந்து தொடுகிறாரோ? நான்காம் நாள் ட்ரைபாடின் கால்களைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டமும் போட்டிருந்தேன். கால்கள் நகரவில்லை.

ஐந்தாம் நாள் காபிக்குப் போகாமல் காவல் இருந்தேன். யாரும் வரவில்லை. படம் மட்டும் இரட்டையாகவே விழுந்தது. தரையில் கை ஊன்றி எழுந்தபோது உள்ளங்கையில் மெல்லிய அதிர்வு, விட்டுவிட்டு, ஒரே சீராக. அப்போதுதான் கேட்டது, தினமும் நாலரைக்குத் தொடங்கும் பக்கத்து வீட்டுத் தறி. பிறந்தது முதல் கேட்கிற சத்தம். நான்கு நாளும் குறிப்பேட்டில் "சத்தம் ஏதும் இல்லை" என்று எழுதியிருந்தேன்.

மாலையில் அவரிடம் போனேன். நாளை நாலே முக்காலிலிருந்து கால்மணி நேரம் தறியை நிறுத்த முடியுமா என்று கேட்டேன்.

"அதான பாத்தேன்! நான் பொடவைக்குப் புது கரை போட்டு நெய்யறது தெரிஞ்சிக்கினுதான் மேல கேமரா வச்சிக்கினு நிக்கிற. டிசைன யாருக்குப்பா குடுக்கற?"

"வானத்தத்தாம்பா எடுக்கறேன்."

"என் தறி நின்னாத்தான் வானம் தெரியுமா?"

அதிர்வைப் பற்றி விளக்கினேன். நம்பவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்: தறியை நிறுத்துவார், ஆனால் மாடிக்கு வந்து என் பக்கத்திலேயே நிற்பார்.

வந்தார். வானத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. கேமரா எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினான்கு படங்கள். நட்சத்திரங்கள் புள்ளிகளாக நின்றன. நடுவே அது, வாலை மேலே சாய்த்தபடி.

அவர் கேமராவை வாங்கி, பழைய படங்கள் வரை ஒன்றுவிடாமல் தள்ளிப் பார்த்தார்.

"பூச்சி மாதிரி இருக்குது. இதுக்கா நாலு மணிக்கு எந்திரிக்கிற?"

"ஆமா."

"ம்."

ஐந்து மணி இரண்டு நிமிடத்துக்குத் தறி மறுபடி தொடங்கியது. காலை ஏழு மணிக்குச் சந்துப் பக்கம் போனேன். அவர் தறி ஜன்னலில் புதிதாக ஒரு சாக்குத் திரை தொங்கியது. அதையும் குறித்துக்கொண்டேன்.