வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்த ஜெபக் குறிப்பு

போன ஜூன் மாதம், பள்ளி திறந்த இரண்டாவது வாரம், என் மகன் பிரவீன் கபடி ஆடிவிட்டுக் காலை அகட்டி நடந்து வந்தான். அவனுக்குப் பதின்மூன்று வயது. கேட்டால் ஒன்றுமில்லை என்றான். எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. பால்காரர் பால் ஊற்றினால்கூடக் குனிந்து அளவைப் பார்ப்பேன். எவனோ உதைத்துவிட்டான் என்று நினைத்துப் பள்ளிக்கே சண்டைக்குப் போனேன். கடைசியில் அவன் அப்பாவிடம்தான் சொன்னான். இடது பக்க விதையில் பல மாதமாகக் கனத்த வலி.

சேலத்தில் ஸ்கேன் எடுத்தோம். விதைக்கு மேலே இரத்தக் குழாய்கள் புடைத்திருக்கின்றன, அதற்கு வெரிக்கோசீல் என்று பெயர் என்றார் டாக்டர். இடது விதை சரியாக வளரவில்லை, அப்படியே விட்டால் பின்னாளில் குழந்தை பிறப்பதில் சிக்கல் வரலாம் என்றார். சின்னத் துளை போட்டு லேப்ராஸ்கோப்பில் சரிசெய்யலாமாம். எனக்கு அழுகை வந்தது. கூடவே சந்தேகமும் வந்தது. சின்னப் பையனுக்கு இப்படி ஒரு நோயா? இவர் சொல்வது நிஜமா?

"ஆண்டவரே, இதே ஆபரேஷன் செய்து நல்லானவர் ஒருவரையாவது என் கண்ணில் காட்டும்" என்று தினமும் ஜெபித்தேன். யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? சபையில் ஜெபக் குறிப்பு எழுதும்போது அந்த இடத்தின் பெயரை எழுத என் கை கூசியது. "மகனுக்கு வயிற்றுவலி, ஆபரேஷன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சபையாராகிய நீங்களும் மூன்று வாரம் அவன் வயிற்றுக்காக ஜெபித்தீர்கள். ஆஸ்பத்திரியில் அட்மிஷன் போடும்போதும் பின்னால் ஆட்கள் நின்றதால், "வயித்து ஆபரேஷனுங்க" என்றேன்.

ஆபரேஷன் அன்று காலை நர்ஸ் வந்து, துளை போடும் இடம் என்று அவன் தொப்புளைக் காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலி கீழே, துளை மேலேயா? என் பொய்யை நம்பி வேறு எதையோ அறுக்கப் போகிறார்கள் என்று பயந்தேன். ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. "கர்த்தாவே, என் வாயைத் திறந்தருளும்" என்றேன். ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நிறுத்துங்க. எம்பையனுக்கு வயித்துல ஒண்ணுமில்லீங்க. விதையிலதான் கோளாறு. வெக்கப்பட்டு நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

வராண்டாவே திரும்பிப் பார்த்தது. டாக்டர் வெளியே வந்தார். கோபிக்கவில்லை. ஒரு தாளில் வரைந்து காட்டினார்.

"எங்களுக்குத் தெரியுங்கம்மா. அந்தக் குழாய் கீழருந்து வயித்துக்குள்ள ஏறிப் போவுது. அங்கதான் அடைக்கிறோம். அதனாலதான் துளை மேல."

அவர் உள்ளே போனதும் கம்பைநல்லூர்க்கார அம்மா ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எங்க வூட்டுப் பையனுக்கும் இதேதாங்க. போன வருசம் இவரேதான் செஞ்சாரு. ஊருல குடலிறக்கம்னு சொல்லி வெச்சிருக்கோம். தோ, செக்கப்புக்கு வந்திருக்கான் பாருங்க."

அந்தப் பையன் ஜன்னலோரம் நின்று முறுக்கு தின்றுகொண்டிருந்தான். நான் விம்மி விம்மி அழுதேன். கேட்டதை ஆண்டவர் காட்டிவிட்டார். நான் வாயைத் திறக்கத்தான் காத்திருந்தார்.

மறுநாளே வீடு திரும்பினோம். ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் இடது விதை நன்றாக வளர்ந்திருந்தது. ஸ்தோத்திரம்.

இதைச் சபையில் சொல்லலாமா என்று பிரவீனிடம் கேட்டேன். அவன் முகம் சிவந்தது. பிறகு சொன்னான்.

"சொல்லும்மா. நானே எட்டு மாசம் சொல்லாம வலிய பொறுத்துக்கிட்டேன். இன்னும் எத்தன பசங்க அப்படி இருக்காங்களோ."

அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இங்கே நிற்கிறேன். கர்த்தரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், அவர் கைவிடமாட்டார். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்கள் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, எங்காவது வலிக்கிறதா என்று கேளுங்கள்.