கடைசி பஸ்ஸில் வந்த அப்பா

1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது எனக்குப் பத்து வயது. அப்பா அங்கே பஸ் டிரைவர். அம்மா, நான், கைக்குழந்தையான தம்பி, எல்லோரும் அவரோடுதான் இருந்தோம். சில வாரங்களில் ரொட்டிக்கே வரிசை. தெருவெல்லாம் துப்பாக்கி. ஊருக்குப் போக ஜோர்டான் கிளம்பிய பஸ்ஸில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான் இடம்; எங்களை ஏற்றிவிட்டு அப்பா கீழேயே நின்றுவிட்டார்.

“நீங்க முன்னாடி போங்க. பின்னாடியே வந்துடுறேன்.”

பாக்தாத், பாலைவனம், ஜோர்டான் முகாம், பம்பாய் விமானம், மெட்ராஸ் ரயில். கடைசியில் மெட்ராஸை ஒட்டிய சென்னீர்குப்பத்தில் மாமா வீடு. அப்போது அங்கே சுற்றிலும் வயல்தான். மாமா பம்புசெட்டைப் போட்டால் டாங்கி வருகிறது என்று கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வேன். மாமா குனிந்து பார்ப்பார். சிரிக்கமாட்டார்.

“இன்னா கண்ணு, அது நம்ம மோட்டாரு. மாமா கீறேன்ல, வா.”

அப்பாவைப் பற்றித் தகவலே இல்லை. குவைத்திலிருந்து திரும்பிய ஒருவர், வழியில் எரிந்த பஸ்ஸைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா சாப்பாட்டை விட்டாள். ஒரு சாயங்காலம் என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழங்காலில் நின்றாள்.

“ஆண்டவரே, உயிரோட இருக்காருன்னு ஒரு வார்த்தை கேக்கப் பண்ணும்.”

அவ்வளவுதான். அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

மறுநாள் காலை வாசலில் ஒரு கர்ப்பிணிப் பெண் நின்றாள். ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கும் தன் அண்ணனைத் துணைக்கு அழைத்து வந்திருந்தாள்.

“டிரைவர் சாமுவேல் அண்ணன் வீடுங்களா? பாக்தாத்துல எங்க பஸ்ஸுக்கு டிரைவரே கெடைக்கலீங்க. அவருதான் ஓட்டிக்கிட்டு வந்தாரு. ஜோர்டான் எல்லையில எங்கள எறக்கிட்டு, இன்னும் பொம்பளைங்க, புள்ளைங்க நிக்குறாங்கன்னு வண்டியத் திருப்பிட்டாருங்க. நல்லா இருக்காருங்க. அவரு குடுத்த விலாசத்த வெச்சுத்தான் வந்தோம்ங்க.”

அம்மா அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். மாமா தெருவில் இறங்கிக் கத்தினார்: “எங்க மச்சான்யா அவரு! உயிரோட கீறாரு!”

அக்டோபரில், கடைசி பஸ்ஸில் இருந்தவர்களையும் எல்லை சேர்த்துவிட்டு, அப்பா வந்தார். மெலிந்து, தாடியோடு, பெங்களூர் ரோட்டில் இறங்கி வரப்பு மேல் நடந்து வந்தார்.

“ஏங்க இவ்ளோ நாளு?” என்றாள் அம்மா.

“வண்டி ஓட்டத் தெரிஞ்சவன் நானு. அவங்கள விட்டுட்டு எப்படி வர்றது?”

அதற்குப் பிறகு பள்ளியில் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால், எழுந்து நின்று சத்தமாக “டிரைவர்” என்பேன். என் தலை தானாக நிமிரும். அவர் இறக்கிவிட்டவர்கள் எங்களைத் தேடி வந்தபடியே இருந்தார்கள். பண்டிகைக்கு மட்டும் ஆலயம் போன எங்கள் குடும்பம் தினமும் ஜெபிக்கத் தொடங்கியது. வழியில் இருப்பவர்களுக்காக முதலில் கேட்போம். பிறகுதான் எங்களுக்காக.

அன்பானவர்களே, வீடு திரும்பாத ஒருவருக்காக நீங்களும் அழுதுகொண்டிருக்கலாம். செய்தி வரவில்லையே என்று சோர்ந்துபோகாதீர்கள். எங்கள் கண்ணுக்கு எட்டாத அந்தச் சாலையில் கர்த்தர் என் அப்பாவோடு இருந்தார். நீங்கள் காத்திருப்பவரோடும் இருப்பார். அவரிடம் கேளுங்கள்.