மூன்று நாளும் இரண்டு என்றே சொன்னேன்

ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்விக்கே நான் பொய் சொன்னேன்.

முதுகுத்தண்டு ஆபரேஷன் முடிந்து வார்டில் கண் விழித்தபோது பக்கத்தில் மிஸி நின்றாள். தாதியை எங்கள் பக்கம் மிஸி என்றுதான் கூப்பிடுவோம். அவள் கையில் ஓர் அட்டை. அதில் வரிசையாக முகங்கள். சிரிக்கிற முகத்துக்குக் கீழே சுழியம், அழுகிற முகத்துக்குக் கீழே பத்து.

"மக்சிக், சாக்கிட் பெராப்பா?" என்றாள். அம்மா, வலி எத்தனை என்று மலாயில் கேட்கிறாள்.

இடுப்புக்கு மேலே காய்ச்சிய கம்பியை வைத்துத் தைத்த மாதிரி இருந்தது. ஆனாலும் அந்த அழுகிற முகத்தைக் காட்ட எனக்கு விரல் நீளவில்லை.

"டுவா," என்றேன். இரண்டு.

"பாகுஸ்," என்று சொல்லி எழுதிக்கொண்டாள். நல்லது என்று அர்த்தம். அந்த ஒரு சொல் எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த தடவையும் இரண்டு என்றே சொன்னேன்.

என் பெயர் பாக்கியம். ஈப்போவுக்கு வெளியே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பதினான்கு வயதில் வேலைக்குப் போனவள். தோட்டம் கைமாறி வீடுகள் கட்டியபிறகு புந்தோங்குக்கு வந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்த்தேன். இப்போது எழுபது தாண்டிவிட்டது. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அந்த எழுத்தும் மறக்காமல் இருப்பதற்குக் காரணம், நான் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, ஆட்கள் பேர் எழுதியது. வேலைக்குப் போகிற பெண்கள் படிக்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன். மெதுவாகத்தான் எழுத வரும்.

பிரட்டு

தோட்டத்தில் விடியும் முன்னே ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் வரிசையில் நிற்க வேண்டும். கிராணி என்கிற குமாஸ்தா பேர் கூப்பிடுவார். மண்டோர் வேலை பிரித்துக் கொடுப்பார். உடம்பு முடியவில்லை என்று சொன்னால் அன்றைக்குப் பேர் வெட்டு, கூலி இல்லை. அதனால் யாரும் சொல்வதில்லை. காய்ச்சலோடும் நிற்போம்.

"என்னா பாக்கியம், கண்ணு செவந்திருக்கு?" என்று ஒருநாள் கிராணி கேட்டார்.

"தூசு விழுந்திருச்சுங்க ஐயா."

அதோடு பேச்சு முடிந்தது. அன்று முழுக்க ரப்பர் பாலுக்கு மரம் சீவினேன்.

முப்பத்தைந்து வயதில் என்னை மருந்தடிக்கும் கும்பலுக்கு மண்டோராகப் போட்டார்கள். அந்தத் தோட்டத்தில் முதல் பெண் மண்டோர் நான்தான். தொப்பி, பூட்ஸ், பேர் எழுதும் புத்தகம், எல்லாம் கொடுத்தார்கள். எனக்குக் கீழே பதினாறு பெண்கள். முதுகில் மருந்துத் தோம்பை மாட்டிக்கொண்டு, புல் சாக மருந்தடித்துக்கொண்டே மேடு பள்ளம் ஏறி இறங்க வேண்டும். தோம்பு நிறைந்திருந்தால் நாலு வயதுப் பிள்ளையைச் சுமக்கிற பாரம்.

கும்பலில் அஞ்சலை என்று ஒருத்தி. என் வயதுதான், ஒன்றாக மரம் சீவியவள். ஒரு காலையில் எல்லார் முன்னாலும் சொன்னாள்:

"பாக்கியம், முதுகு புடிச்சிருக்குடி. இன்னைக்குத் தோம்பு மட்டும் வேணாம். கத்தியில புல்லு வெட்டுறேன், தண்ணி தூக்கிக் குடுக்கிறேன். வேற என்னா வேலை குடுத்தாலும் செய்றேன்."

பதினாறு பேர் பார்க்க என்னை 'டி' போட்டது எனக்குச் சுருக்கென்றது.

"முதுகு ஒனக்கு மட்டுந்தான் இருக்கா? எனக்குந்தான் இருக்கு. தூக்க முடியலன்னா வீட்டுக்குப் போ."

"நெசமாத்தான்லா சொல்றேன். குனிய முடியல."

"நேத்து சாயந்தரம் பைப்படியில பல்லு தெரிய சிரிச்சிக்கிட்டு நின்னியே, அப்ப முடிஞ்சிச்சா?"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். நான் புத்தகத்தைத் திறந்து அஞ்சலை பேரை வெட்டிக் கோடு போட்டேன். அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள்.

மறுநாள் தானே தோம்பை எடுத்து மாட்டினாள். அந்த வாரமே, நிறைந்த தோம்போடு ஒரு கான் வாய்க்காலைத் தாண்டும்போது வழுக்கி விழுந்தாள். அன்றிலிருந்து அவள் நடக்கும்போது உடம்பு வலது பக்கம் சாயும். முதலில் இருந்த வலியால் விழுந்தாளா, விழுந்ததால் வலியா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்தக் கோட்டைப் பற்றியும் பேச வேண்டி வந்திருக்கும்.

பிற்பாடு அவளும் புந்தோங்குக்கே வந்தாள். கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுக்கிறாள். கல்யாணம், சாவு என்றால் பேசிக்கொள்வோம். அந்தப் பேச்சை மட்டும் இரண்டு பேரும் எடுத்ததில்லை.

வார்டு

என் பக்கத்துக் கட்டிலில் லூமுட்டிலிருந்து வந்த ஓர் அம்மா. அவருக்கும் முதுகில்தான் ஆபரேஷன். மிஸி தலையைக் காட்டினாலே, "பத்து மிஸி, பத்து! ஐயோ, சாகப் போறேன்!" என்று கத்துவார். எனக்கு அவரைக் கண்டாலே இளக்காரம்.

"ஊரக் கூட்டுறா பாரு," என்றேன் என் மகள் சாந்தியிடம்.

"அவங்களுக்கு வலிக்குதும்மா."

"எனக்கு மட்டும் இனிக்குதா?"

முதல் இரண்டு நாள் டாக்டர் வந்து கால்விரலை ஆட்டச் சொன்னார். ஆட்டினேன். இரண்டாம் நாள் சாயங்காலம் வேறு மாதிரி வலி வந்தது. இடது இடுப்பிலிருந்து கால்வரை செந்நெருப்பு ஓடியது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். பிறகு மெல்ல மெல்ல நெருப்பு அடங்கி, பாதம் யாருடையதோ போல் ஆகிவிட்டது. வலி விட்டதே என்று சந்தோஷப்பட்டேன். மிஸி வந்து கேட்டதும் இரண்டு என்றேன். காலை ஆட்டச் சொன்னதும் முட்டியை ஆட்டினேன். போர்வை அசைந்தது. அவள் போய்விட்டாள்.

எனக்குத் தெரியாமல் இல்லை. பாதம் அசையவில்லை என்று அப்போதே தெரியும். சொன்னால் இன்னும் நாலு நாள் படுக்கப் போடுவார்கள், பக்கத்துக் கட்டில்காரியைப் போல என்னையும் எண்ணிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அஞ்சலை வந்தாள். கையில் தூக்குச்சட்டி. ஹாருவான் மீன் சூப். ஆபரேஷன் புண் ஆறுவதற்கு எங்கள் ஊரில் எல்லா இனத்தாரும் அந்த மீனைத்தான் கொடுப்பார்கள்.

"எப்படிலா இருக்க?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"வலி?"

"கொஞ்சம்."

நாலு கரண்டி ஊட்டினாள். போர்வை விலகியிருந்ததை இழுத்துவிடப் போனவள், என் இடது பாதத்தில் கை பட்டதும் நின்றாள்.

"பாதத்த ஆட்டு."

ஆட்டினேன்.

"அது முட்டி. நான் பாதத்தச் சொல்றேன்."

வலது பெருவிரல் எழுந்தது. இடது அப்படியே கிடந்தது.

"எப்பலேருந்து இப்படி?"

"நேத்து சாயந்தரம்."

"மிஸிகிட்ட சொன்னியா? எத்தனைன்னு சொன்ன?"

"ரெண்டு."

அஞ்சலை தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அன்னைக்குப் பிரட்டுல நான் சொன்னத நீ நம்பல. இன்னைக்கு நீ சொல்றத நான் நம்பல."

சாய்ந்து சாய்ந்து மிஸிகள் உட்காரும் மேசைக்கு நடந்தாள். அங்கே போய்த்தான் கத்தினாள். "மிஸி! காக்கி தா போலே கெராக்! கால் அசையல! அவ பொய் சொல்றா, நம்பாதீங்க!"

டாக்டர் ஓடி வந்தார். படம் எடுத்தார்கள். உள்ளே ரத்தம் கட்டி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. அன்றைக்கே மறுபடியும் ஆபரேஷன். முடிந்தபிறகு டாக்டர் கட்டிலோரம் நின்று சொன்னார்:

"நேத்தே சொல்லியிருந்தா பாதம் திரும்பி வர்றதுக்கு நல்ல வாய்ப்பு இருந்துச்சும்மா. இனி எவ்ளோ வரும்னு என்னால சொல்ல முடியல."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீடு

பத்து, பத்து என்று கத்திய லூமுட் அம்மா ஐந்தாம் நாள் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார். "அக்கா, வாரேன்லா. ஒடம்பப் பாத்துக்குங்க," என்று என் கையைப் பிடித்தார். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவருக்கு அதில் ஒரு குற்றமும் இல்லை.

எனக்குப் பாதி பாதம்தான் திரும்பி வந்தது. பெருவிரல் இன்னும் எழவில்லை. சப்பாத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் தகடு வைத்துக் கட்டினால்தான் பாதம் தரையில் இழுபடாமல் வரும். காலையில் சாந்தி வேலைக்குக் கிளம்பும் முன் மண்டியிட்டு அதை மாட்டிவிடுவாள். பதினாறு பேரை மேய்த்தவள் நான். மகள் தலையின் வகிட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒருக்களித்துப் புரண்டு, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இடுப்பில் பெல்ட். பிடித்து நடக்கிற சட்டத்தோடு ஃபிளாட் நடைவழியில் முதல் வாரம் இரண்டு கதவு தூரம் நடந்தேன். மூன்று மாதத்தில் கடைசிக் கதவைத் தொட்டேன். மழை வந்தால் தையல் போட்ட இடம் இழுக்கும். சில நாள் அழுதிருக்கிறேன், சாந்தி வேலைக்குப் போனபிறகு.

போன மாதம் கிளினிக்குக்கு அஞ்சலைதான் கூட வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் கோயில் விசேஷத்தைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நடுவில் கேட்டேன்.

"அஞ்சலை, அன்னைக்கு ஒனக்கு எத்தனை இருந்துச்சு?"

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

"அப்ப யாருலா நம்பர் கேட்டா? எட்டு இருக்கும்."

"இப்ப?"

"இப்பவும் அஞ்சு இருக்கு. மழைன்னா ஆறு."

அவ்வளவு வருஷமாக அந்த ஐந்தோடுதான் அவள் என் எதிரில் நடந்து போய்க்கொண்டிருந்தாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் பேரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து என் கைக்குள் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

உள்ளே மிஸி அட்டையை நீட்டினாள். "ஆறு," என்றேன். அவள் பாகுஸ் சொல்லவில்லை. எழுதிக்கொண்டு, எங்கே வலிக்கிறது என்று காட்டச் சொன்னாள். காட்டினேன்.

வேலைக்குப் போகிற பெண்களே, வலி எத்தனை என்று கேட்டால் உள்ள எண்ணைச் சொல்லுங்கள். உங்களில் யார் கையிலாவது பேர் எழுதும் புத்தகம் இருந்தால், கோடு போடுவதற்கு முன் எத்தனை என்று கேளுங்கள். மண்டோராக இருந்த காலத்தில் நான் ஒருத்தியிடமும் கேட்டதில்லை.