பின்னாலிருந்து பார்த்த நடை

ஆறு வயது மகளுக்கு மறுபடியும் கை முறிந்தது. எலும்பு, தசை இரண்டுமே மெலிந்திருப்பதாகச் சொன்ன சிதம்பரத்து டாக்டர், அப்பா வழியில் யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. காதல் திருமணம் என்பதால் கணவர் வீட்டார் எங்களைச் சேர்க்கவில்லை. மகள் பிறக்கும் முன்பே அவர் இறந்துவிட்டார்.

புவனகிரி பேருந்து நிலையத்தில், மாவுக்கட்டுப் போட்ட கையைப் பிடிக்கப் பயந்து, மகளை முன்னே நடக்கவிட்டேன். பூ விற்ற பெண் எழுந்து வந்தாள்.

"ஏம்மா, இது குமார் பொண்ணா?"

"அவரு செத்துட்டாரு. நீங்க யாரு?"

"அவன் அக்கா. செத்தது காதுக்கு வந்துச்சி. நடையப் பாரு, அவனேதான் போறான்!" டாக்டர் கேட்டதைச் சொன்னேன். "எனக்கும் சின்னதுல எலும்பு ஒடிஞ்சிக்கினே இருந்துச்சி. வா, டாக்டர்கிட்ட நானே சொல்றேன்."

கணவரின் பக்கத்தில்தான் நடந்திருக்கிறேன், பின்னாலிருந்து பார்த்ததில்லை. இப்போது மகள் மருந்தில் தேறி வருகிறாள். அவரே விட்டுப் போவதுபோல், அவள் பின்னால் நடக்கப் பயமாக இருக்கிறது. ஆனாலும் நடக்கிறேன்.