பேணிக்குள் பழைய கரி

குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவு வள்ளத்துக்கு நிற்கிறேன். உச்சி வெயில். பிள்ளைத்தாய்ச்சி மகளுக்குப் பொரித்த ஆட்டிறைச்சி சட்டியில் இருக்கிறது. பேய் அண்டாமல் மேலே வைத்த கரித்துண்டு பஸ் குலுக்கலில் எங்கேயோ விழுந்துவிட்டது. கரி இல்லாமல் இதை அவளுக்குக் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா?

பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு தம்பி சின்னத் தகரப் பேணியைத் திறந்து பார்க்கிறார். உள்ளே வெள்ளித்தாளில் கரி. நான் ஒருவரிடமும் கேட்டுப் பழகாதவள். இருந்தாலும் கேட்கிறேன்.

"தம்பி, ஒரு துண்டு தாரும்."

"ஏலாது ஆச்சி. ஆராய்ச்சிக்குப் புளியங்கூடலில நிலத்தைக் கிண்டி எடுத்தது. இரும்பு வர முதல் இருந்த ஆக்கள் மூட்டின அடுப்பெண்டு நினைக்கிறம். கை பட்டாப் பழுதாப் போம்."

"நினைச்சாப் போதுமோ?"

"வெளிநாட்டுக்கு அனுப்பினாச் சொல்லுவினம். மரம் பட்டதிலயிருந்து அதுக்குள்ள ஒரு சத்துக் குறைஞ்சுகொண்டே வரும். மிச்சத்தை அளந்தாக் காலம் தெரியும். கிடைச்சது இவ்வளவுதான்."

நியாயந்தான். ஆனால் நேற்றைய கரிக்கே பேய் பயப்படுமென்றால் இதற்கு எவ்வளவு பயப்படும்?

வள்ளத்தில் அவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, சட்டியைப் பேணியோடு ஒட்டி வைக்கிறேன். அவர் பேணியைத் தள்ளுகிறார். நானும் சட்டியைத் தள்ளுகிறேன்.

"தொடமாட்டன் தம்பி. பக்கத்தில இருந்தாப் போதும்."

அவர் சிரித்துவிட்டு, மூடியை இறுக்கி, பேணியைச் சட்டியின் மேலேயே வைக்கிறார்.

"தண்ணி படாமப் பிடியுங்கோ."

வள்ளக்காரர் கயிற்றோடு கிட்ட வருகிறார்.

"அங்கால போம்," என்கிறேன். "ரெண்டும் ஆரும் தொடக்கூடாத சாமான்."