ஒரே மடியில் வளர்ந்த மாப்பிள்ளையும் பெண்ணும்

கியோக்கா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவளுக்குப் பல் முளைத்திருக்கவில்லை. தைவானின் வடக்கே, தேயிலை மலைகளுக்குக் கீழே இருக்கும் ஊர்களில் அது வழக்கம்தான். வளர்ந்த பெண்ணைக் கட்டிவைக்க வசதியில்லாதவர்கள் ஒரு கைக்குழந்தையைக் கொண்டுவந்து மகனோடு சேர்த்து வளர்த்துவிடுவார்கள். அந்த வீட்டு அம்மா, தான் பெற்ற பெண்ணையும் அப்படித்தான் வேறொரு வீட்டுக்குக் கொடுத்திருந்தாள். அவளுக்குச் சுரந்த பாலைக் கியோக்கா குடித்தாள். மூன்று வயது மகன் தெங்சாய் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கால்விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பான்.

இருவரும் ஒரே தொட்டியில் குளித்தார்கள், ஒரே பாயில் தூங்கினார்கள். அவனை அவள் அண்ணா என்றே கூப்பிட்டாள். ஊர்ப் பிள்ளைகள் புருஷன் பொண்டாட்டி என்று கேலி பேச ஆரம்பித்த பிறகு, அவன் ஆற்றங்கரை வழியாகப் போனால் அவள் வயல் வழியாகப் போவாள்.

அவளுக்குப் பதினேழு நடந்தபோது, புது வருஷத்துக்கு முந்தின நாள் விருந்து முடிந்ததும், இன்றிலிருந்து நீங்கள் இருவரும் உள் அறையில் படுத்துக்கொள்ளுங்கள் என்று அப்பா சாதாரணமாகச் சொன்னார். பல்லக்கு இல்லை, பட்டாசு இல்லை. கல்யாணம் அவ்வளவுதான்.

உள்ளே தெங்சாய் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். கியோக்கா கதவோரமாகவே நின்றாள். அவன்மேல் அவளுக்கு வெறுப்பு கிடையாது; அவனுக்குக் காய்ச்சல் என்றால் அவளுக்குச் சோறு இறங்காது. ஆனால் அவன் கை தன் தோளில் படும் என்று நினைத்தாலே உடம்பு கூசியது.

"உனக்கும் அப்படித்தான் இருக்கா?" என்றான் திரும்பாமலே.

"ஆமாண்ணா."

"நல்லவேளை. எனக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."

அவன் ஜன்னல் வழியாக இறங்கிப் போய் மாட்டுக் கொட்டகையில் படுத்துக்கொண்டான். அப்பா சுமைக் கம்போடு போய் அவனைத் திரும்ப ஓட்டிவந்தார். அறுவடை வரைக்கும் இது நடந்தது. கடைசியில் ஒருநாள் சாப்பிடும் இடத்திலேயே பேச்சு வெடித்தது.

"ஒரே குடும்பப் பேருக்குள்ளதான் கட்டிக்கக் கூடாது. இவ நம்ம ரத்தமா, நம்ம பேரா? எதுடா தடுக்குது?" என்றார் அப்பா.

"ரத்தமும் இல்ல, பேரும் இல்ல. எனக்குத் தெரியுதுப்பா. உடம்புக்குத் தெரிய மாட்டேங்குதே."

கீழ்வீட்டு லுவானும் இப்படி வந்தவள்தானே, அவள் மூன்று பிள்ளை பெற்று வாழவில்லையா என்று அப்பா கேட்டார். அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"லுவான் வரும்போது தன் சடையைத் தானே பின்னிக்கிற வயசுப் பொண்ணு. இதுங்க ரெண்டும் என் மடியிலயே கெடந்ததுங்க. அண்ணன் தங்கச்சியா ஆக்கினது நான்தாங்க. இப்ப அடிச்சா மாறுமா?"

அன்றைக்குப் பிறகு அப்பா கம்பை எடுக்கவில்லை. தரகரம்மா வந்து போனாள். ஆற்றுக்கு அக்கரையில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த ஒருவனுக்கு, தங்கள் வீட்டு மகளாகவே கியோக்காவைக் கட்டிக்கொடுத்தார்கள். பல்லக்கின் பக்கத்தில் பெண்ணின் அண்ணனாகத் தெங்சாய் நடந்தான். அவளைவிட அவன்தான் அதிகம் அழுதான் என்று ஊரார் வெகுநாள் கேலி செய்தார்கள். பிறகு அவனும் துறைமுக வேலைக்குப் போய், அங்கேயே ஒரு மீன்காரர் மகளைக் கட்டிக்கொண்டான்.

கியோக்காவுக்கு வரிசையாகப் பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். கடைசிக் குழந்தை தவழும்போது பக்கத்துத் தெரு அம்மாள் ஒருத்தி, தன் பையனுக்கு வேண்டும் என்று கேட்டு வந்தாள். கொடுத்தால் ஒரு வாய் குறையும் என்று கணவனும் நினைத்தான். கியோக்கா குழந்தையை இடுப்பைவிட்டு இறக்கவில்லை.

"வளந்தப்புறம் வந்து கேளுங்கக்கா. இப்பவே தூக்கிட்டுப் போனா உங்க பையனுக்குத் தங்கச்சிதான் கெடைப்பா."

அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு போய், வேறு ஊரிலிருந்து ஒரு குழந்தையைக் கொண்டுவந்தாள். அந்தப் பிள்ளைகள் தெருவில் விளையாடுவதைக் கியோக்கா தினமும் பார்ப்பாள். அந்தப் பெண் குழந்தை பையனை அண்ணா என்று கூப்பிடுவது அவள் வாசல்வரை கேட்கும்.