வில்லுக்கு சோப்பு போடாத நாலு பேர்

கல்யாண மண்டப வாசலில் தெளிக்கிற பன்னீர் இருக்கிறதே… மற்றவர்களுக்கு அது வாசனை. எனக்கு பகீர் என்று இருக்கும். ஒரு சொட்டு வயலின் மேல் விழுந்தால் வெள்ளையாகக் கறை பிடித்துவிடும்.

என் வயலின் பெட்டிக்குக் கொக்கி உடைந்து போயிருந்த காலம். துணியில் சுற்றி, முந்தானைக்குள் அணைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைவேன். ஒரு அம்மா கேட்டே விட்டார், "கொழந்த ஆணா பொண்ணாம்மா?"

"செகண்ட் வயலினும்மா" என்றேன்.

சிரிக்காதீர்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவள், இவ்வளவு எழுதுவதே பெரிசு.

கும்மிடிப்பூண்டியில் நாங்கள் நாலு பேர். வசந்தி அக்கா முதல் வயலின், நான் இரண்டாவது, டேவிட் வியோலா, வயலினுக்குக் கொஞ்சம் பெரிய அண்ணன்; பாபு அண்ணன் செல்லோ, தரையில் நிறுத்தி வாசிக்கிற பெரிய சைஸ். ஒரே சர்ச்சில் கற்றுக்கொண்டவர்கள், தொழிற்பேட்டையில் நாலு வேறு கம்பெனியில் வேலை. எங்கள் மாதிரி சின்னக் குழுவுக்கு முன்னால் நின்று கை ஆட்டி நடத்த ஆள் கிடையாது. வசந்தி அக்கா மூக்கால் மூச்சை இழுப்பார், அதுதான் சிக்னல். அக்காவுக்கு ஜலதோஷம் என்றால் ஒரே பாட்டை நாலு தடவை ஆரம்பிப்போம்…

ஷிஃப்ட் ஒத்துவராமல், ஒத்திகைக்கு ஒருத்தர் வந்தால் ஒருத்தர் வரமாட்டார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு வருஷம் நாலு பேருமே வேலையை விட்டோம். வாசிப்போம், சொல்லிக்கொடுப்போம், அதிலேயே பிழைப்போம் என்று முடிவு. எங்கள் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. நிம்மதியான இரண்டு நாள்.

ஒரு ஈவென்ட் மேனேஜர், அந்த முகூர்த்த சீசன் முழுக்க ரிசப்ஷன் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். முதல் ரிசப்ஷன் கவரைப்பேட்டை பக்கம். மணப்பெண் யார் தெரியுமா? என்னிடம் வயலின் படித்த ரேவதி!

செல்போன் கம்பெனியில் வேலை அவளுக்கு. ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்து உட்காருவாள். விரல் ஓடாத இடம் வந்தால், கம்பியில் படாமல் வில்லை மட்டும் ஆட்டி ஏமாற்றுவாள்.

"ஏய், தப்பா வாசி, திட்ட மாட்டேன். வாசிக்கிறாப்ல நடிச்சே, அப்டியே வெளிய போய்க்கினே இரு" என்பேன். ஒரு நாள் நிஜமாகவே வெளியே அனுப்பினேன். அழுதுகொண்டே போனாள். மறுநாள் வந்து ஒழுங்காகத் தப்பு தப்பாக வாசித்தாள்.

ரிசப்ஷன் அன்றைக்கு மண்டபத்தில் மேனேஜர் எங்களிடம் வந்தார். ஆளுக்கொரு சோப்புத் துண்டைக் கையில் வைத்தார்.

"இன்னா சார் இது?"

"வில்லுல தடவிக்கோங்க, சத்தம் வராது. மீஜிக்கு நம்ம ஸ்பீக்கர்ல வரும். நீங்க சும்மா இழுத்துக்கினு, சிரிச்சாப்ல குந்துங்க."

வில்லில் கட்டியிருப்பது குதிரை முடி. அதில் சோப்பு பட்டால் கம்பியைப் பிடிக்காது, வழுக்கும். முடியும் பாழ்.

"நாங்க வாசிக்கிறவங்க சார்" என்றார் வசந்தி அக்கா.

"வாசிக்க யாரும்மா கூப்ட்டது? நாலு பேரு குந்தினா ஸ்டேஜு அழகா கீது, அவ்ளோதான். ஒத்துக்கினா சீசன் பூரா உங்களுது. இல்லாங்காட்டி இன்னியோட கட்."

நாலு வீட்டு அடுப்பும் அந்த ஒரு சீசனை நம்பித்தான் இருந்தது. டேவிட் சோப்பை மோந்து பார்த்தான். பாபு அண்ணன் தரையைப் பார்த்தார். நான் மேடையைப் பார்த்தேன். மாலையோடு ரேவதி நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்… நடித்ததற்காக நான் வெளியே அனுப்பிய அதே ரேவதி.

நேரே கை கழுவுகிற இடத்துக்குப் போனேன். அந்தச் சோப்பைப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினேன். ஈரத்தோடு கொண்டுவந்து மேனேஜர் கையிலேயே வைத்தேன்.

"நல்ல சோப்பு சார். வாசன சூப்பரு."

அவர் கத்தின கத்தலை இங்கே எழுத முடியாது, இதைப் போடுகிற வாட்ஸ்அப் குரூப்பில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

மேடையில் ஸ்பீக்கர் பாட ஆரம்பித்துவிட்டது. நாங்கள் நாலு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கீழே சாப்பாட்டு ஹாலுக்குப் போனோம். பந்திக்கு நடுவில் உட்கார்ந்தோம். அக்கா மூச்சை இழுத்தார்…

"அந்தப் பெரிய வயலின ஓரங்கட்டு நைனா, மேல ஊத்திரப் போறேன்" என்று சாம்பார் வாளிக்காரர் பாபு அண்ணனை நகர்த்திக்கொண்டே இருந்தார். முதல் பந்தி எங்களைத் திரும்பியே பார்க்கவில்லை. இரண்டாவது பந்தியில் ஒருவர், ரசத்தில் வைத்த கையை எடுக்காமல் டேவிட்டையே பார்த்தார்.

"இன்னாபா, நெசமாவே வாசிக்கிறியா?"

"ஆமாண்ணே."

"நா ஸ்பீக்கரு பொட்டில வருதுன்னுல்ல இருந்தேன்! பாயசம் வர்ற வரிக்கும் நிறுத்தாத."

பாயசத்துக்கு அப்புறமும் நிறுத்தவில்லை. கடைசிப் பந்திக்கு ரேவதி மாப்பிள்ளையோடு வந்தாள். ஸ்பீக்கர் பாடும்போது நாங்கள் நாற்காலியோடு கிளம்பியதை மேடையிலிருந்தே பார்த்திருக்கிறாள். சோற்றில் கை வைக்காமல் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் கூப்பிட்டாள்.

"மிஸ், நடுவுல மூணாவது வெரல்ல சுருதி கொஞ்சம் எறங்கிடுச்சு."

"உன் கல்யாணத்துலயாவது வுட மாட்டியாடி?"

"நடிச்சிருந்தா எறங்கியிருக்காதே மிஸ்" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், மறைப்பானேன்.

மேனேஜர் அப்புறம் கூப்பிடவே இல்லை. சீசன் போச்சு. டேவிட்டும் பாபு அண்ணனும் திரும்பக் கம்பெனிக்குப் போனார்கள். வசந்தி அக்கா சென்னைக்கு ரயில் ஏறி ஸ்கூல் ஸ்கூலாகச் சொல்லிக்கொடுத்தார். நான் ஊத்துக்கோட்டை வரைக்கும் வீடு வீடாக. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு பேரும் உட்கார்ந்து வாசிப்பதை மட்டும் எவருக்காகவும் விடவில்லை. இன்றைக்கு வரைக்கும்.

இப்போதெல்லாம் சோப்புகூட வேண்டாமாம். லைட் எரிகிற வயலின் கொடுக்கிறார்கள், ஸ்பீக்கருக்குக் கனெக்‌ஷனே இருக்காது. போன வாரம்கூட ஒரு தம்பி போன் பண்ணினான்.

"ஆண்ட்டி, ஜஸ்ட் போஸ் குடுத்தா போதும்."

"நாங்க குந்தினா சத்தம் வருமே கண்ணு, பரவால்லியா?"

கட் பண்ணிவிட்டான். அந்த மேனேஜராவது எதிரில் நின்று திட்டினார்…

அப்போது ஒரு பாட்டின் நோட்ஸ் ஒரே பேப்பரில் அடங்கும். இப்போது நாலு பேருக்கும் கண்ணாடி. எழுத்தைப் பெரிசாக்கி ஜெராக்ஸ் எடுத்ததில் ஒரு பேப்பர் மூன்றாகிவிட்டது. பக்கம் திருப்ப ஒருத்தர் கையை எடுத்தால் அவர் பாகம் அங்கே நின்றுவிடும்.

மற்ற மூணு பேரும் நிற்பதில்லை. போய்க்கொண்டே இருப்போம். திருப்பினவர் ஓடிவந்து சேர்ந்துகொள்வார்.